லிஸ்பன் மாநகரில் ஒரு பகல்

பிறநாட்டு நகரொன்றைக் காணச் செல்வோர் அந்நகரின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்து செல்லுதல் வேண்டும். இன்றேல் அவர் காண்பன வெறுங் கல்லும் மண்ணுமேயாம். போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனுக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தாரோ தம் வரலாற்றையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். அந்நகரில் தொழில் புரியும் எம் பழைய மாணவர் ஒருவர் அன்போடு அழைத்தமையால், யாம் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் வாய்ப்புப் பெற்றோம். ஒருநாளே தங்கும் அன்பர்க்குப் பயன்படுமென எண்ணி, கண்டவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

தேஜோ ஆறு அட்லாண்டிக் மாகடலை அணுகும் கழிமுகத்தில், குன்றுகள்மீது அமைந்தது லிஸ்பன். காலையில் முதற்கண் காணத்தக்கது ஆற்றங்கரையிலுள்ள வணிகச் சதுக்கமாகும். அதன் நடுவே முதலாம் ஜோசே மன்னன் குதிரைமீது வீற்றிருக்கும் சிலை 1775இல் நிறுவப்பட்டது. முன்னர் இவ்விடத்தில் அரண்மனை விளங்கிற்று. 1755ஆம் ஆண்டு நவெம்பர் 1ஆம் நாட் காலை, மக்கள் தேவாலயங்களிற் கூடியிருந்த வேளையிலே பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்தது. விழுந்த விளக்குகளாலும் அடுப்புகளாலும் தீயும் பரந்தது. பல்லாயிரவர் மாண்டனர். அரண்மனையும் அதன் நூலகமும் அழிந்தன.

பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்ற அமைச்சர், அழிந்த பகுதியை நேரிய வீதிகளாக வகுத்து மீளக் கட்டுவித்தார். புதிய வீடுகளின் சுவர்களுள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக் கூடுபோல அமைத்தனர். நிலம் அதிருங்கால் கல் பிளக்கும். மரமோ வளைந்து கொடுக்கும். இதுவே அவ்வமைப்பின் நுட்பம்.

அங்கிருந்து சிறிய மஞ்சள் நிற டிராம் வண்டியில் ஏறி, அல்பாமா என்னும் பழம்பகுதிக்குச் சென்றோம். பூகம்பத்திற்குத் தப்பிய குறுகிய ஒழுங்கைகளை இங்கே காணலாம். மேலே, 1147இல் அபொன்சோ என்றிக்கஸ் என்னும் முதல் மன்னன் மூர் இனத்தவரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. அக்கோட்டையின் கோபுரமொன்றிலேதான் அரசின் ஆவணங்கள் முன்னர்ப் பேணப்பட்டன. அதற்குத் 'தோம்பின் கோபுரம்' என்று பெயர். எம் காணி உறுதிகளிலே பயிலும் 'தோம்பு' என்னுஞ் சொல் இதுவே. 1755இற் கோபுரம் இடிந்தபோது, இடிபாட்டினின்றும் ஏடுகளை மீட்டுக் காத்தனர். அதே பெயர் கொண்ட ஆவணக்காப்பகம் 1990 முதல் புதிய கட்டடத்தில் இயங்குகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை மறவாத எமக்கு, ஏடு மீட்ட அச்செய்தி நெஞ்சைத் தொட்டது.

நண்பகலில் உணவுச்சாலை ஒன்றிற் புகுந்தோம். உப்பிட்டு உலர்த்திய கொட்மீன் அந்நாட்டாரின் பேருணவு. அதுவும் வடகடல்களிலிருந்து வருவது. புலால் உண்ணாதார் அஞ்சவேண்டியதில்லை. கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சூப் கிடைக்கும். அதில் இறைச்சித் துண்டு இடுவது வழக்கமாதலின் முன்னரே தவிர்க்கச் சொல்லுதல் வேண்டும். ஒலிவக்காய், பாற்கட்டி, பாண் ஆகியனவும் உண்டு.

பாண் என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். பரிமாறுவோர் 'பவுங்' என்றார். மேசையை 'மேசா' என்றார். மாணவரின் எட்டு வயது மகன், யன்னல், அலுமாரி, சப்பாத்து, குசினி என வீட்டிற் கேட்டவற்றையே பள்ளியிலும் சற்று வேறுபட்டுக் கேட்பதாக எண்ணி எண்ணிச் சொன்னான். பின்பு, இவை எங்கள் சொற்களா, அவர்கள் சொற்களா என எம்மை வினாவினான். இருபது ஆண்டு தமிழ் கற்பித்த யாம் உடனே விடை சொல்ல இயலாது சற்றுத் தாமதித்தோம்.

பிற்பகலில், நகர்நடுவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 6 கிலோமீற்றரிலுள்ள பெலெம் பகுதியை அடைந்தோம். திங்கட்கிழமைகளிற் பல காட்சியிடங்கள் பூட்டியிருக்குமாதலின் அந்நாளைத் தவிர்த்தல் நன்று. இங்குள்ள ஜெரோனிமோஸ் மடம் மானுவேல் மன்னனால் 1501 அளவிலே தொடங்கப்பெற்றது. தூண்களிலே கப்பற்கயிறும் கடற்பொருள்களும் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. ஆபிரிக்க, கீழைத்தேச வாணிபத்தின்மீது விதித்த நூற்றுக்கு 5 வீத வரியே இதற்குப் பெரிதும் பொருள் ஈந்தது. மிளகு, கறுவா, கராம்பு ஆகியவற்றின் வருவாயோ நேரே மன்னன் கருவூலஞ் சென்றது. உள்ளே வாஸ்கோ ட காமாவுக்கும் கமோயின்ஸ் புலவருக்கும் கல்லறைகள் உள. அப்புலவர் 1572இல் வெளியிட்ட காவியத்தின் முதற்செய்யுளிலேயே எம் தீவின் பழம்பெயரான தப்ரபேன் வருகின்றது.

அந்த அழகிய மண்டபத்திலே எம் உள்ளம் இருபாற்பட்டது. சிற்பியின் கைத்திறனை வியவாதிருக்க இயலவில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததையும், 1621இல் நல்லூர்க் கந்தன் கோயில் இடிக்கப்பட்டதையும் மறக்கவும் இயலவில்லை. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

மாலையில், மடத்தின் அருகே 1837 முதல் முட்டைக்கருவும் பாலும் சேர்த்த சிறு பணியாரம் விற்கும் கடைக்குச் சென்றோம். யாம் முட்டை உண்ணாமையாற் கோப்பி மாத்திரம் அருந்தினோம். சிறுவன் தன் பணியாரத்தின்மீது கறுவாத்தூளைத் தூவினான். அப்பொழுது அவனுக்கு விடை கூறினோம்: அக்கறுவாவைத் தேடியே அவர்கள் எம் தீவில் நிலைகொண்டனர், தம் சொற்களை எம்மிடம் விட்டுச்சென்றனர். நானூறு ஆண்டுகளாக எம் தாய்மார் வாயிற் பயின்றமையால், இன்று அவை எம்முடைய சொற்களுமாம். ஆயினும் அவை வந்த வழியை நீ அறிந்திருத்தல் வேண்டும்.

அவன் தலையசைத்தான். எம் கல்லூரியின் இளைஞரும் அவ்வழியை அறிவாராக.