எஸ்2000: பழைய குதிரைக்கு இன்னும் ஓட்டம் இருக்கா?

மக்களே, ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. காருன்னா நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், ஏசி வேலை செஞ்சா போதும்னு நினைக்கிற ஆளுங்க இங்கயே எஸ்கேப் ஆயிடுங்க. அப்புறமா பின்னூட்டத்துல வந்து மொக்கைன்னு திட்டக் கூடாது, ஆமா :-)

கேள்வி இதுதான். இருபது, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி "பயங்கர வேகம்"னு பேர் வாங்கின ஒரு ஸ்போர்ட்ஸ் கார், இன்னிக்கும் வேகமான கார்தானா? இல்ல, சும்மா பழைய பெருமைய வச்சுக்கிட்டு ஓட்டுறோமா?

பொதுவா பேசினா வழவழன்னு போகும். அதனால ஒரே ஒரு காரை எடுத்துக்குவோம். ஹோண்டா எஸ்2000.

தெரியாதவங்களுக்கு சின்ன அறிமுகம். 1999ல ஜப்பான்ல வந்து, 2009ல உற்பத்தி நின்னு போன ரெண்டு சீட்டு திறந்த கார். அறுபதுகள்ல இதே கம்பெனி எஸ்500, எஸ்600, எஸ்800னு குட்டி குட்டி ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. பேர்ல இருக்கிற எண் எஞ்சின் அளவு. அந்த வரிசைல 2000 சிசி. எஞ்சின் முன்னாடி, ஆனா முன் சக்கர அச்சுக்குப் பின்னால தள்ளி வச்சிருப்பாங்க. இழுவை பின் சக்கரத்துல. ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கிடையவே கிடையாது. இங்க அமெரிக்காவுல வந்த முதல் மாடல்ல 240 குதிரைத்திறன், 8300 ஆர்பிஎம்ல. சிவப்புக் கோடு 9000ல! டர்போ கிடையாது, வெறும் நாலு சிலிண்டர்.

9000ன்னா என்னன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் (மெக்கானிக்கல் படிக்கிறவன்கிட்ட மாட்டிக்கிட்டீங்க, அனுபவிங்க). பிஸ்டன் ஒரு தடவை மேலயிருந்து கீழ வர்ற தூரம் 84 மில்லிமீட்டர். ஒரு சுத்துக்கு ஒரு தடவை கீழ, ஒரு தடவை மேல, ஆக 168. நிமிஷத்துக்கு 9000 சுத்துன்னா நொடிக்கு 150. பெருக்கினா நொடிக்கு 25.2 மீட்டர். அதாவது பிஸ்டனோட சராசரி வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர், அதுவும் நொடிக்கு 300 தடவை நின்னு திரும்பி! 1999ல கடைல வாங்குற கார்ல இது சாதாரண விஷயம் இல்லை.

சரி, இப்ப கெட்ட செய்தி.

0-60 மைல் கணக்குல எஸ்2000 சுமாரா 6 வினாடி, கொஞ்சம் முன்ன பின்ன. 2000ல இது நல்ல எண். ஆனா 2021 மாடலா வந்த டொயோட்டா ராவ்4 பிரைம்னு ஒரு பிளக்-இன் ஹைபிரிட் இருக்கு. பால் பாக்கெட்டும் டயப்பரும் வாங்கப் போற வண்டி. 1900 கிலோவுக்கு மேல எடை. கம்பெனி சொல்ற 0-60 எவ்வளவு தெரியுமா? 5.7 வினாடி! 2024ல வந்த டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 2.9னு சொல்லுது. போட்டியே இல்லை. சிக்னல்ல பச்சை விழுந்ததும் நம்ம ஹீரோவை ஒரு மளிகைக் கடை வண்டி முந்திட்டுப் போகும். இதை மறைக்கிறதுல அர்த்தமே இல்லை.

ஆனா ஏன் அப்படி ஆகுதுன்னு பாருங்க. எடைக்கு எவ்வளவு குதிரைன்னு கணக்கு போட்டா எஸ்2000தான் மேல: டன்னுக்கு 189 குதிரை கிட்ட வருது (240ஐ 1.27 டன்னால வகுத்தது). ராவ்4க்கு 302 குதிரை, டன்னுக்கு 157 கிட்ட. அப்புறம் எப்படி அது முந்துது? ரெண்டு காரணம். ஒண்ணு, மின் மோட்டார் நின்ன இடத்துலயே முழு முறுக்குவிசையும் கொடுத்துடும். ரெண்டு, நாலு சக்கரமும் சேர்ந்து தள்ளுது. எஸ்2000 எஞ்சினோட உச்ச முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 7500 ஆர்பிஎம்ல! பத்திரிகைக்காரங்க அந்த 6 வினாடி வாங்குறதுக்கு எஞ்சினை உச்சத்துல உறும விட்டு கிளட்சை டபக்குன்னு விடுவாங்க. சொந்தக் காசு போட்டு வாங்கினவன் எவனும் அதைச் செய்ய மாட்டான். அதனால நெசத்துல ரோட்டுல 6 வினாடி கூட வராது.

ஆக, 0-60ங்கிறது கார் எவ்வளவு வேகம்னு சொல்றதை விட, முதல் ரெண்டு வினாடி எவ்வளவு நல்லா கிளம்புதுன்னுதான் அதிகம் சொல்லுது. அந்தப் பரீட்சைல இந்தக் கார் என்னைக்குமே முதல் மார்க் இல்லை.

இந்த எஞ்சினுக்குள்ள ரெண்டு ஆளு குடியிருக்காங்கன்னு சொல்லலாம். வால்வைத் திறக்கிற கேம்ல ஓரத்துல சின்ன மேடுகள், நடுவுல ஒரு பெரிய மேடு. 6000 ஆர்பிஎம் வரைக்கும் சின்ன மேடுதான் வேலை செய்யும். கார் சமர்த்தா, சாதாரண சிவிக் மாதிரி போகும். 6000ஐ நெருங்கும்போது எண்ணெய் அழுத்தத்துல ஒரு குட்டி ஊசி நகர்ந்து ராக்கர் கைகளை ஒண்ணா பூட்டிடும். அப்புறம் பெரிய மேடு ஆட்சி. வால்வு அதிக உயரம், அதிக நேரம் திறக்கும். சத்தமே மாறிடும். அதுக்கப்புறம் இன்னும் 3000 ஆர்பிஎம் பாக்கி இருக்கு!

ஆகவே இந்தக் காரை ஓட்டிப் பார்த்துட்டு "ப்ச்... என்னப்பா சோம்பேறியா இருக்கு"ன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேர் 4000லயே கியர் மாத்தினவங்க. ரெண்டாவது ஆளை அவங்க சந்திக்கவே இல்லை.

இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கியர் விகிதம், டயர் அளவு எல்லாம் வச்சு கணக்கு பண்ணிப் பார்த்தா, ரெண்டாவது கியர்ல 9000 போனாலே 60 மைலைத் தாண்டிடுது. இங்க நெடுஞ்சாலைல பல இடத்துல 65, 70தான் எல்லை. அதாவது போலீஸ் மாமா கண்ணுல படாம, முதல் கியர், ரெண்டாவது கியர்னு ரெண்டு தடவை எஞ்சினோட முழு பாட்டையும் கேட்டுக்கலாம். 600 குதிரை வண்டில அந்த அளவுக்குள்ள என்ன செய்ய முடியும்? ரெண்டு மூணு வினாடி பெடலை அழுத்தினா முடிஞ்சது கதை. மிச்சம் 500 குதிரை லாயத்துலயே தூங்கும்.

டென்னசி - வட கரோலினா எல்லைல டீல்ஸ் கேப்னு ஒரு இடம். யுஎஸ் 129 ரோடு. 11 மைல்ல 318 வளைவுன்னு பேர் வாங்கின ரோடு, கொல்லிமலைக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கங்களேன். கார் பைத்தியங்க நாடு முழுக்க இருந்து வருவாங்க. அங்க வேக எல்லை என்ன தெரியுமா? 30 மைல்! 30 மீட்டர் ஆரம் உள்ள வளைவுல 27 மைல்ல போனாலே பக்கவாட்டு விசை ஈர்ப்பு விசைல பாதி இருக்கும். உடம்பு கதவோட ஒட்டும். அந்த ரோட்டுல உங்களுக்குத் தேவை குதிரை இல்லைங்க. எடை கம்மியான வண்டி, பேசுற ஸ்டியரிங், நல்ல பிரேக்.

இதையெல்லாம் பேப்பர்ல போட்டுப் பேசிட்டு இருந்தவனுக்கு நேர்ல பார்க்க ஒரு வாய்ப்பு வந்துச்சு. எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர், படிப்பு முடிச்சு இங்கயே வேலை பார்க்கிறவர், மதுரைக்காரர். ஒரு 2001 எஸ்2000 வச்சிருக்கார். திடீர்னு ஒரு நாள், "தம்பி, காரைக் குடுத்துரலாம்னு பாக்குறேன்டா. இப்ப வர்ற காருக்கெல்லாம் முன்னாடி இது ஒண்ணுமே இல்லடா"ன்னார். விளம்பரம் கூட போட்டாச்சு. விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு ஆட்டோகிராஸ் போயிட்டு வருவோம்னு என்னையும் கூட்டிட்டுப் போனார்.

ஆட்டோகிராஸ்னா பெரிய காலி பார்க்கிங்ல ஆரஞ்சு கூம்பு வச்சு பாதை போட்டு, ஒவ்வொரு காரா தனியா ஓட விட்டு நேரம் எடுப்பாங்க. ஒரு ஓட்டம் ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஒரு கூம்பை இடிச்சா 2 வினாடி அபராதம். பெரும்பாலும் ரெண்டாவது கியரைத் தாண்ட வேலையே இல்லை, அதனால இந்தக் காருக்குன்னே செஞ்ச விளையாட்டு மாதிரி.

அன்னிக்கு என்ன ஆச்சு? அண்ணனை ஒரு புது ஹாட்ச்பேக் ஜெயிச்சுது. ஒரு மின்சாரக் கார் ஜெயிச்சுது. எல்லாத்துக்கும் மேல, ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, 1990 மஸ்டா மியாடாவுல வந்து, அண்ணனை ரெண்டு வினாடி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. மியாடாவுக்கு எவ்வளவு தெரியுமா? 116 குதிரை! அண்ணன்கிட்ட அதுக்கு ரெண்டு மடங்கு.

அந்தம்மா ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நேரா அண்ணன் கார்கிட்ட வந்தாங்க. டயரைக் குனிஞ்சு பார்த்தாங்க. டயர் ஓரத்துல டிஓடின்னு ஒரு எண் இருக்கும், கடைசி நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். பார்த்தா டயருக்கு ஒன்பது வயசு! பட்டன் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரப்பர் கல்லாயிடுச்சு. "உன் கார் மெதுவா இல்லை, உன் டயர் செத்துப் போச்சு"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

அண்ணன் புது டயர் போட்டார். வீல் அலைன்மென்ட் பண்ணினார், பிரேக் ஆயில் மாத்தினார், வால்வு இடைவெளி சரி பார்க்கச் சொன்னார். அடுத்த மாசம் பாதை வேற, அதனால பழைய நேரத்தோட ஒப்பிட முடியாது. ஆனா அதே அம்மா, அதே மியாடா. அவங்களை அளவுகோலா வச்சுப் பார்த்தா, ரெண்டு வினாடி இருந்த வித்தியாசம் அரை வினாடிக்கு வந்துருச்சு. (அப்பவும் ஜெயிச்சது அவங்கதான், ஹி ஹி.)

பழைய கார் மெதுவா இருக்குன்னு நாம சொல்றதுல பெரும்பகுதி, கவனிக்காம விட்ட கார் மெதுவா இருக்குங்கிறதுதான். யாராவது எஸ்2000 வாங்குற ஐடியால இருந்தா, 0-60 பத்திக் கவலைப்படாம இதைப் பாருங்க:

- எஞ்சின் கம்ப்ரெஷன், லீக்-டவுன் சோதனை. முன்னாடி வச்சிருந்தவர் நாலுக்குப் பதிலா ரெண்டுல தப்பா கியர் போட்டு எஞ்சினை 9000க்கு மேல சுத்த விட்டிருந்தா, வால்வு ரிடெய்னர் விரிசல் விட்டிருக்கலாம்.
- டயர் வயசு. பட்டனைப் பார்த்து ஏமாறாதீங்க.
- துணிக் கூரைல கிழிசல், தண்ணி ஒழுகல்.
- முக்கியமா, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இங்க 2006 மாடல்ல இருந்துதான் வந்துச்சு. அதுக்கு முந்தின கார்ல மழை நேரத்துல, வளைவு நடுவுல சட்டுனு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் முன்னாடி வந்து வணக்கம் சொல்லும். காப்பாத்த ஆள் கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் விளையாட்டு இல்லைங்க. பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது, நம்மளைச் சுத்தி ஓடுறது எல்லாம் லாரி சைஸ் பிக்கப். வேகம் போதுமாங்கிற கேள்விய விட, இது நியாயமான கேள்வி.

அண்ணன் கதைக்கு வருவோம். அவர் விக்க நினைச்சதுக்கு உண்மையான காரணம் அப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது அண்ணி பட்டுன்னு போட்டு உடைச்சாங்க: "வேகம் பத்தலைன்னு விக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க. குழந்தை சீட்டு வைக்க இடமில்லை, அதான் கவலைன்னு சொல்லுங்க. அதுக்கு இன்னொரு பழைய செடான் வாங்கினா போச்சு. பிடிச்ச காரைக் குறை சொல்லி விக்காதீங்க."

அண்ணன் சாம்பாரையே பார்த்துட்டு இருந்தார். மறுநாள் விளம்பரத்தை எடுத்துட்டார். ரெண்டு சீட்டு கார்ல கைக்குழந்தைய முன்னாடி உட்கார வைக்கிறது ஆபத்து, அதனால செடான் வாங்கியே ஆகணும். காசு கொஞ்சம் இடிக்கும். ஆனா விக்கிறதா வேணாமாங்கிறது இப்ப சரியான கேள்விய வச்சு முடிவாச்சு.

என் தீர்ப்பு (யார் கேட்டான்னு கேக்காதீங்க): அடுத்தவனை முந்துறதுக்குன்னா, எஸ்2000க்கு வேகம் பத்தாது. இனிமே எந்தப் பழைய காருக்கும் பத்தாது. அந்த ஆட்டம் மின் மோட்டார்கிட்ட போயாச்சு. ஓட்டுறவனுக்கு வேலை கொடுக்கணும், திறமைய சோதிக்கணும், சட்டத்துக்குள்ள முழுசா அனுபவிக்கணும்னா, போதும் போதும்னு இருக்கு. இதுக்கு சாட்சி வேற எங்கயும் தேட வேணாம். 600க்கு மேல குதிரை உள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5 என், முழு மின்சாரக் கார். அதுல இல்லாத எட்டு கியர் இருக்கிற மாதிரி நடிக்க ஒரு வசதி வச்சிருக்காங்க! ஸ்பீக்கர்ல எஞ்சின் சத்தம், கியர் மாத்துற குலுக்கல் எல்லாம் சேர்த்து. வேகம் மட்டுமே போதும்னா அதை ஏன் வச்சாங்க? யோசிங்க.

உங்க வீட்டுல, உங்க தெருவுல இப்படி ஒரு பழைய குதிரை இருக்கா? ஆர்எக்ஸ் 100ஆ இருந்தாலும் சரி, பின்னூட்டத்துல அவுத்து விடுங்க.

டிஸ்கி: கணக்கு எல்லாம் டயர் நசுங்குறதைக் கணக்குல சேர்க்காம போட்டது. எங்க புரொஃபசர் பார்த்தா அரை மார்க் குறைப்பார், நீங்க குறைக்க மாட்டீங்கன்னு நம்புறேன் :-)