குழாய்க்கு யாரையும் கேட்க வேண்டாம், கால்வாய்க்குக் கேட்டே ஆகணும்: மால்மோ நகரத்து வாடகைக் குடியிருப்பு சொல்ற பாடம்

போன எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசினதுல இருந்த இழுவையை எல்லாம் வெட்டி, வரிசையைக் கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன். மத்தபடி பேச்சு பேச்சாவே இருக்கும்.

டாபிக் இதுதான். அரசோ மாநகராட்சியோ கட்டி வாடகைக்கு விடுற அடுக்குமாடிக் குடியிருப்புகள்ல, பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற வெளியிடம். வீட்டுக்குள்ள கட்டில் எங்கே போடணும்னு குடியிருக்கிறவங்க முடிவு பண்றாங்க. கதவைத் திறந்து வெளியே வந்தா, மரம் எங்கே, பெஞ்ச் எங்கே, பிள்ளைங்க எங்கே விளையாடணும்ங்கிறது எல்லாமே வேற யாரோ எடுத்த முடிவு. அந்த இடத்தைச் சீர்படுத்தும்போது குடியிருக்கிறவங்களையும் சேர்த்துக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் சேர்த்துக்கணும்? மரியாதைக்காகவா? நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். "நல்ல விஷயம், அதனால பண்ணுவோம்"ங்கிற பதில் எனக்குப் பத்தாது. அவங்களைச் சேர்க்கலைன்னா எது, எங்கே உடையும்னு பார்க்கணும்.

அப்படிப் பார்க்கிறதுக்கு நல்ல உதாரணம் ஸ்வீடன் நாட்டுல, மால்மோ நகரத்துல இருக்கிற ஆகஸ்டன்போர்க்.

இடத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை

1948-ல இருந்து 1952 வரைக்கும் கட்டின குடியிருப்பு இது. பரப்பு சுமார் 32 ஹெக்டேர். வீடுகள் சுமார் 1,800. ஜனத்தொகை 3,000 பேர் அளவுல. பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தக்காரர் எம்.கே.பி., அதாவது மால்மோ நகராட்சியோட சொந்த வீட்டுவசதி நிறுவனம். நம்ம ஊர் ஹவுசிங் போர்டை நினைச்சுக்கோங்க, ஆனா ஒரு வித்தியாசம். ஸ்வீடன்ல இந்த மாதிரி நகராட்சி நிறுவனங்களோட வீடுகள் ஏழைகளுக்கு மட்டும்னு ஒதுக்கினது இல்ல, யார் வேணும்னாலும் விண்ணப்பிக்கலாம்.

கட்டின காலத்துல இது பேர் வாங்கின இடம். அப்புறம் மால்மோவோட தொழில்கள் சரிஞ்சுது, வேலை போச்சு, முடிஞ்சவங்க வேற இடம் போனாங்க. காலியான வீடுகளுக்கு வேற நாடுகள்ல இருந்து வந்தவங்க நிறைய பேர் குடிவந்தாங்க. 1990-கள்ல "அங்கேயா இருக்கே?"ன்னு கேட்கிற மாதிரி ஆயிடுச்சு. அதோட கூட வெள்ளம் வேற.

ஒரே குழாய், ரெண்டு வேலை

வெள்ளம்னா ஆறு கரை உடைஞ்சு வர்றது இல்ல. பழைய நகரங்கள் பலதுல இருக்கிற ஏற்பாடுதான் அங்கேயும் இருந்துச்சு: வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாய்ல போகும். மழை இல்லாதப்ப பிரச்சினை இல்ல. பெருமழை வந்தா குழாய் நிறைஞ்சிடும். நிறைஞ்ச குழாய்க்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, கழிவுநீர் அப்படியே பக்கத்து நீர்நிலைக்குள்ள போய்ச் சேரும். இன்னொண்ணு, வந்த வழியே திரும்பி, பேஸ்மென்ட் தரையில இருக்கிற வடிகால் வழியா மேல வரும். ஆகஸ்டன்போர்க்ல ரெண்டுமே நடந்துச்சு. பேஸ்மென்ட்ல சாமான் வச்சிருக்கிற குடும்பத்துக்கு இதுக்கு என்ன அர்த்தம்னு நான் விளக்க வேண்டியதில்ல.

நேரான தீர்வு, இன்னும் பெரிய குழாய் புதைக்கிறது. செலவு அதிகம், தெருவெல்லாம் தோண்டணும். இன்னொரு தீர்வு, மழைநீரை அந்தக் குழாய்லேயே விடாம இருக்கிறது. கூரையில விழுற தண்ணியை மண்ணுக்கு மேலேயே, திறந்த சின்னக் கால்வாய்கள் வழியா மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போய், குளங்கள்ல தேக்கி, புல்தரையில கொஞ்சம் ஊற வச்சு, மிச்சத்தை மட்டும் கடைசியில வடிகாலுக்கு விடுறது. 1998-ல மால்மோ நகராட்சியும் எம்.கே.பி.-யும் சேர்ந்து தொடங்கின திட்டம் இந்த ரெண்டாவது வழியைத்தான் எடுத்துச்சு.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. மண்ணுக்கு அடியில குழாய் புதைச்சா, புதைச்சு மூடின பிறகு குடியிருக்கிறவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்களைக் கேட்காமலே அது வேலை செய்யும். கால்வாய் அப்படி இல்ல. அது ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு முன்னாடி ஓடும். பிள்ளைங்க பந்து விளையாடுற இடத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். யாராவது குப்பையைப் போட்டா அடைக்கும். வேண்டாத கால்வாயை ஒரே வருஷத்துல குப்பைத்தொட்டி ஆக்கிடலாம். அதனால குடியிருக்கிறவங்க சம்மதம் இந்த டிசைன்ல ஒரு பாகம். அது இல்லாம தண்ணி ஓடாது.

கேட்டதுல என்ன கிடைச்சுது?

கூட்டம் போட்டாங்க, பட்டறை நடத்தினாங்க. அதோட நிறுத்தாம விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சின்னு ஜனங்க தானா கூடுற இடங்களுக்கும் போய்ப் பேசினாங்க. இது சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனா "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்குக் கூட்டம், எல்லாரும் வாங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டினா, ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்களும், கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களும், அந்த ஊர் மொழி சரளமா வராதவங்களும் வர மாட்டாங்க. அவங்க இருக்கிற இடத்துக்கு நாம போகணும்.

வந்த முதல் கேள்விகள்ல ஒண்ணு: "திறந்த தண்ணியா? சின்னப் பிள்ளைங்க விழுந்தா?" வரைபடத்துல பார்க்கிறவருக்கு அது நீலக்கோடு. மூணாவது மாடியில இருந்து கீழே விளையாடுற பிள்ளையைப் பார்க்கிற அம்மாவுக்கு அது பயம். ஆழத்தைக் குறைக்கிறது, கரையைச் சரிவா வைக்கிறது மாதிரி முடிவுகள் இந்தக் கேள்வியில இருந்துதான் வரணும். அதிகாரி சமாதானமா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறதால பயம் போகாது.

இன்னொரு பக்கம், யோசனையும் அங்கே இருந்தே வந்துச்சு. அந்தத் திறந்த கால்வாய் அமைப்பை உருவாக்கினதுல, அங்கேயே குடியிருந்த, தண்ணி மேல ஆர்வம் கொண்ட ஒருத்தருக்கும் பங்கு உண்டு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தோட்டத்தையும், விளையாட்டு இடத்தையும், மழைநீர்க் குளத்தையும் திட்டமிடுறதுல சேர்ந்துக்கிட்டாங்க. அந்தக் குளம் குளிர்காலத்துல உறைஞ்சா சறுக்கி விளையாடலாம்! வெள்ளத்தடுப்பும் விளையாட்டும் ஒரே குழியில. நீரியல் எஞ்சினியர் தனியா உட்கார்ந்திருந்தா இது தோணியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியில வந்தது என்ன? சுமார் 6 கிலோமீட்டர் கால்வாய்கள், 10 தேக்கக் குளங்கள். கூரைகள்லயும் கெட்டியான தரைகள்லயும் விழுற மழைநீர்ல சுமார் 90 சதவீதம் இந்தத் திறந்த அமைப்புக்குப் போகுது. பல கூரைகள் மேல பச்சை போர்த்தினாங்க. வறட்சி தாங்குற சின்னச் சதைச்செடிகள் கொஞ்ச மழையைக் குடிச்சுக்கும். பக்கத்துத் தொழிற்பேட்டையோட பழைய கூரை மேல 2001-ல தாவரவியல் கூரைத் தோட்டமே திறந்தாங்க. முற்றங்கள்ல தோட்டப் பாத்திகள், உட்காருற இடங்கள், குப்பை பிரிச்சுப் போடுற சின்னச் சின்னக் கட்டடங்கள். மொத்தச் செலவு சுமார் 200 மில்லியன் குரோனா. அதுல ஏறக்குறைய பாதி எம்.கே.பி. போட்டது. 2010-ல உலக வாழ்விட விருது கிடைச்சுது.

ஏணியில எந்தப் படி?

"மக்கள் பங்கேற்பு"ன்னு சொல்றது சுலபம். அதை அளக்க ஒரு நல்ல கருவி இருக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல எழுதின கட்டுரை ஒண்ணுல பங்கேற்பை 8 படி உள்ள ஏணியா வரைஞ்சாங்க. அடிப்படிகள்ல இருக்கிறது பங்கேற்பே இல்ல, ஜனங்களைச் சமாளிக்கிறது. நடுவுல தகவல் சொல்றது, கருத்துக் கேட்கிறது, பேருக்கு ஒரு இடம் கொடுத்துத் திருப்திப்படுத்துறது. மேல போனாத்தான் கூட்டாளியா சேர்த்துக்கிறது, அதிகாரத்தைக் கொடுக்கிறது, கடைசியா முழுக்கட்டுப்பாடும் மக்கள் கையில.

இதுல ஆர்ன்ஸ்டைன் சொல்ற முக்கியமான விஷயம், கருத்துக் கேட்டா மட்டும் போதாது. கேட்ட கருத்து முடிவை மாத்தும்ங்கிற உறுதி இல்லைன்னா அது வெறும் சடங்கு. ஃபீட்பேக் ஃபார்ம் வச்சிட்டு, அதைத் திறந்தே பார்க்காத ஆப் மாதிரி.

ஆகஸ்டன்போர்க் எந்தப் படியில இருக்கு? என் கணிப்பு, கருத்துக் கேட்கிறதுக்கும் கூட்டாளிக்கும் நடுவுல. டிசைன்ல ஜனங்க கை இருந்துச்சு. பணப்பெட்டி நகராட்சிகிட்டயும் எம்.கே.பி.-கிட்டயும்தான் இருந்துச்சு. குடியிருப்பவங்கள்ல சுமார் 5-ல 1 பங்கு பேர் கூட்டங்கள்ல கலந்துக்கிட்டாங்கன்னு பதிவு இருக்கு. வாடகைக் குடியிருப்புக்கு அது நல்ல எண்ணிக்கை. ஆனா மிச்சம் 4 பங்கு பேர் யார்? நேரம் இல்லாதவங்களா, மொழி தெரியாதவங்களா, "சொன்னா மட்டும் கேட்கவா போறாங்க"ன்னு விட்டவங்களா? பங்கேற்புக் கணக்குல வராதவங்களை எண்ணாம "மக்கள் ஒத்துக்கிட்டாங்க"ன்னு சொல்லக் கூடாது.

யார் பெருக்குவாங்க? யார் பணம் கட்டுவாங்க?

சீர்படுத்தின இடம் எல்லாம் திறப்பு விழா அன்னைக்கு அழகாத்தான் இருக்கும். மூணாவது வருஷம்தான் பரீட்சை. இதுக்கு ஸ்வீடன்ல ஒரு பழக்கம் உண்டு, தமிழ்ல சுயபராமரிப்புன்னு சொல்லலாம். முற்றத்தைப் பார்த்துக்கிற வேலையில ஒரு பகுதியைக் குடியிருக்கிறவங்களே எடுத்துப்பாங்க. செடி வைக்கிறது, களை எடுக்கிறது, பெருக்கிறது. மால்மோவுலேயே ஹோல்மாங்கிற இன்னொரு எம்.கே.பி. குடியிருப்புல 1990-கள்ல இதை நடத்தினாங்க. வேலைக்குப் பதிலா வாடகையில சின்னக் கழிவு. "உங்க இடம்தானே, நீங்களே சும்மா பண்ணுங்க"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். உழைப்புக்கு விலை இருக்குன்னு இதுல ஒத்துக்கிறாங்க.

அடுத்தது வாடகை. "இடம் அழகாச்சு, வாடகையும் ஏறிடுச்சு, நாங்க கிளம்பணும்"ங்கிறது வாடகைக்காரங்களோட நியாயமான பயம். ஸ்வீடன்ல வாடகையை வீட்டு நிறுவனமும் வாடகைதாரர் சங்கமும் பேரம் பேசித்தான் முடிவு பண்றாங்க. அதனால அந்தப் பயத்தைச் சொல்றதுக்கு ஒரு மேஜையாவது இருக்கு. அந்த மேஜை இல்லாத ஊர்ல, மரம் நடுறதுக்கு முன்னாடியே வாடகையைப் பத்திக் கேட்டுடணும்.

2014 ஆகஸ்ட் 31

அன்னைக்கு மால்மோவுல சில மணி நேரத்துல சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டுச்சு. அந்த ஊருக்கு அது பேய்மழை. நகரம் முழுக்க பேஸ்மென்ட்கள் மூழ்கிச்சு. பிறகு காப்பீட்டுக் கோரிக்கைகளை வச்சு ஆய்வு பண்ணினப்ப, பக்கத்துல பழைய ஒற்றைக் குழாய் இருக்கிற பகுதிகளைவிட ஆகஸ்டன்போர்க்ல பாதிப்பு ரொம்பக் குறைவுன்னு தெரிஞ்சுது. ஒரு காலத்துல பேஸ்மென்ட்ல சாக்கடை ஏறின அதே குடியிருப்பு!

அந்தத் திட்டத்தைத் தொடங்கி 16 வருஷம் ஆயிருந்துச்சு அப்போ. கால்வாய்கள் இத்தனை வருஷமா அடைபடாம, மண் மூடாம இருந்ததாலதான் அன்னைக்கு வேலை செஞ்சுது. அதுக்குக் கான்கிரீட்டோட தரம் ஒரு காரணம். அதை வேணும்னு நினைச்ச ஜனங்க இன்னொரு காரணம். முதல் காரணத்தை டெண்டர் விட்டு வாங்கலாம், ரெண்டாவதை வாங்க முடியாது.

போறதுக்கு முன்னாடி

உங்க குடியிருப்புலயோ, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துலயோ "வெளியிடத்தை மேம்படுத்தப் போறோம்"னு யாராவது வந்தா, இந்த 5 கேள்வியைக் கேளுங்க:

1. எங்க கருத்தால மாறக்கூடிய முடிவு எது, ஏற்கெனவே முடிஞ்சுபோன முடிவு எது?
2. கூட்டத்துக்கு வராதவங்ககிட்ட யார் போய்ப் பேசுவாங்க?
3. பிள்ளைங்க, வயசானவங்க, ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பெண்கள், இவங்களைத் தனியாக் கேட்டீங்களா?
4. மூணாவது வருஷம் பராமரிப்பு யார் பொறுப்பு, பணம் எங்கே இருந்து வரும்?
5. இதனால வாடகை ஏறுமா? எழுதிக் கொடுப்பீங்களா?

முதல் கேள்விக்கே பதில் இழுத்தா, ஏணியில எந்தப் படியில நிக்கிறீங்கன்னு தெரிஞ்சிடும்.

உங்க பிளாக்குக்கு நடுவுல இருக்கிற இடம் இப்போ எப்படி இருக்கு, அங்கே யார் உட்காருறாங்க, மழை பெஞ்சா தண்ணி எங்கே நிக்குதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறேன். பார்க்கலாம் மக்களே.