வேலைக்கேற்ற வாரி

பெரம்பலூர் ஜில்லா வேப்பந்தட்டைத் தாலூகாவில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை முக்கியமான பயிர்களாகும். கலப்பையைத் தெரிந்தெடுப்பதில் கவனம் செலுத்தும் குடியானவர்களும் வாரியைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே வாரியால் எல்லா வேலைகளையும் செய்ய முயலுவதால் விளைபொருளுக்குச் சேதம் உண்டாகின்றது.

இரும்புப் பல் வாரி: பாத்தியைச் சமன் செய்யவும், சிறு கட்டிகளை உடைக்கவும், கோரைக்கிழங்கு, அருகம்புல் வேர் முதலியவற்றை வாரவும் இது ஏற்றது. கரிசல் மண் ஈரமாயிருப்பின் பற்களில் அப்பிக்கொள்ளும்; முற்றிலும் காய்ந்துவிட்டாலோ கட்டிகள் உடையா. கையில் ஒட்டாமல் மண் உதிரும் பதமே தக்க சமயம். வெங்காய அறுவடைக்கு இதனை உபயோகித்தலாகாது. பல் பட்டுக் காயமுற்ற வெங்காயம் இருப்பில் அழுகிவிடும்.

விசிறி வாரி: மூங்கிற் பிளாச்சினாலோ மெல்லிய கம்பியினாலோ செய்யப்படுவது. இதன் பற்கள் வளைந்து கொடுப்பதால், மண்ணைப் பெயர்க்காமல் வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு முதலியவற்றை மட்டும் திரட்டும். இவற்றை எருக்குழியில் சேர்க்கலாம். பருத்தி வயலில் உதிர்ந்த சப்பைகளையும் காய்களையும் இவ்வாரியால் திரட்டலாம். ஆனால் அவற்றை எருக்குழியில் போடலாகாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவற்றில் தங்கியிருக்கக் கூடுமாதலால் உடனே அழித்துவிட வேண்டும்.

மர வாரி: களத்தில் மக்காச்சோளத்தைக் கிளறுவதற்கு இதுவே சிறந்தது. இரும்புப் பற்கள் மணியைக் கீறும். உடைந்த மணியில் பூஞ்சணம் எளிதில் பற்றும். அதனால் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு கோழிகளுக்குப் பெருங்கேடு விளைப்பது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு இந்நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமென்று கண்டறியப்பட்டது. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கே விலையாவதால், மணியை மெல்லிய படலமாகப் பரப்பி அடிக்கடி கிளறி, ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்துதல் அவசியம். உலர்ந்தபின் குவிப்பதற்குப் பல்லில்லாத பலகை வாரியைக் கொள்க.

எவ்வகை வாரியாயினும், காம்பு வேலை செய்வோரின் தோளுயரத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். காம்பு குட்டையாயின் நாள் முழுதும் குனிந்து, இடுப்பு வலி உண்டாகும். வேலை முடிந்ததும் பற்களைத் துடைத்து எண்ணெய் தடவி, பல் முனை கீழ் நோக்கியிருக்கும்படி வைத்தால், வாரியும் நெடுநாள் உழைக்கும். குழந்தைகளின் காலுக்கும் அபாயமில்லை.