பாலத்தின் கீழே தொங்கிய வலை

ஓங்கி நிற்கும் ஒரு மாளிகையைக் காண்போர் அதன் அழகை வியப்பர். கட்டுவித்தவரின் பெயரைக் கேட்டறிவர். சாரத்தின் மீது நின்று கல்லடுக்கியவர் எத்தனை பேர், அவர்களுள் மாலையில் வீடு திரும்பாதவர் எத்தனை பேர் என்று கேட்போர் மிகச் சிலரே. கட்டட வேலையில் உயிர் போவது இயல்பு, அது அவரவர் தலைவிதி என்னும் எண்ணம் பல நாடுகளிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வெண்ணம் கணக்கு வடிவமே பெற்றிருந்தது. பெரும் பாலங்களைக் கட்டும்போது பத்து இலட்சம் டொலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது 1930 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அந்நாட்டுக் கட்டுமானத் துறையில் வழங்கிய கணிப்பு. உருக்குக்கும் சீமெந்துக்கும் மதிப்பீடு எழுதுவதுபோல மனித உயிருக்கும் மதிப்பீடு எழுதினர். அக்கணக்கை ஏற்க மறுத்த ஒரு வேலைத்தளத்தின் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

சன் பிரான்சிஸ்கோ நகரின் கடல்வாயிலிற் கோல்டன் கேற் பாலத்தின் வேலை 1933 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. இரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 4,200 அடி. கோபுரங்களின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 746 அடி. கீழே விரைந்தோடும் குளிர்ந்த நீர். மேலே பலத்த காற்றும் மூடுபனியும். செலவோ ஏறத்தாழ 350 இலட்சம் டொலர். பழைய கணக்கின்படி 35 பேர் மடிந்திருக்கவேண்டும்.

தலைமைப் பொறியியலாளரான ஜோசப் ஸ்ட்ராஸ் பாதுகாப்பை வேலையின் ஓர் அங்கமாகவே வகுத்தார். சுரங்கத் தொழிலாளருக்கென அமைந்த தலைக்கவசம் பால வேலைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு எல்லோருக்கும் வழங்கப்பட்டது. கண் கூசாதிருக்கக் கண்ணாடியும், காற்றால் முகமும் கையும் வெடியாதிருக்கப் பூச்சு மருந்தும் கொடுக்கப்பட்டன. பாதுகாப்புக் கயிற்றைக் கட்ட மறுப்பவருக்கு அங்கு வேலை இல்லை. துணிச்சலைக் காட்டுவதற்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமாகக் கொள்ளப்படவில்லை, ஒழுங்கீனமாகவே கொள்ளப்பட்டது.

அபாயம் என்பது உயரத்திலிருந்து விழுவது மட்டுமன்று. கோபுரங்களின் உள்ளறைகளில் வேலைசெய்தோர் சிலர் நோயுற்றனர். உருக்குத் தகடுகளிற் பூசப்பட்டிருந்தது ஈயங்கலந்த வர்ணம். பழுக்கக் காய்ச்சிய தறையாணிகளின் வெப்பத்தால் அது புகைந்தது. ஒடுங்கிய அறைகளில் அப்புகையைச் சுவாசித்தமையால் ஈயம் உடலிற் சேர்ந்தது. காரணம் தெரிந்தபின் சுவாசக் கவசங்கள் வழங்கப்பட்டன. விழுந்தவனின் காயத்தை ஊரே காணும். புகையாலும் தூசியாலும் வருங் கேட்டை மருத்துவரும் உடனே கண்டுகொள்வது அரிது.

பாலத்தின் தளத்தை அமைக்கும் கட்டம் 1936 இல் வந்தது. அப்போது பாலத்தின் அடியிற் கரைக்குக் கரை பெருங் கயிற்று வலையொன்று தொங்கவிடப்பட்டது. பாலத்தின் அகலத்துக்கு மேலாக இருபுறமும் பத்துப் பத்தடி நீண்டிருந்த அவ்வலைக்கு 130,000 டொலருக்கு மேற் செலவாயிற்று. வீண்செலவோ என எண்ணத்தக்க அவ்வலை 19 உயிர்களைத் தாங்கிப் பிடித்தது. தப்பியவர்கள் தங்களை ‘நரகத்துக்குப் பாதிவழி சென்றோர் சங்கம்’ என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர்.

1936 ஒக்டோபரிற் பாரந்தூக்கி ஒன்று சரிந்து ஒருவர் மாண்டார். அதுவரை ஏறக்குறைய நாலாண்டுகளாக அங்கு உயிரிழப்பே நிகழவில்லை. ஆயினும் 1937 பெப்ரவரி 17 ஆந் திகதி பெருந்துயர் நேர்ந்தது. கொங்கிறீற்று இறுகியபின் அடிப்பலகைகளைக் கழற்றுவதற்கென ஏறத்தாழ ஐந்து தொன் நிறையுள்ள தொங்குமேடை ஒன்று பாலத்தின் கீழே ஓடியது. அதன் பிடிப்பு விட்டுப்போக, மேடை வலையின்மேல் வீழ்ந்தது. மனிதரைத் தாங்க முடைந்த வலை இரும்பு மேடையைத் தாங்கவில்லை. கிழிந்து, ஆட்களோடு கடலில் வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். இருவர் உயிர் தப்பினர்.

இதிலிருந்து வலை பயனற்றது என்று முடிவுசெய்வது தவறு. இறந்தோர் தொகை 11. கணக்கர் எதிர்பார்த்த தொகை 35. ஆனால் ஒரு காவல் ஓர் ஆபத்துக்கே காவல் என்பதை அந்நாள் உணர்த்தியது. வேலை மாறுந்தோறும் ஆபத்தும் மாறும். புதிய மேடையும் புதிய பொறியும் வருந்தோறும் முன்னைய ஏற்பாடு போதுமா என மீண்டும் ஆராய்தல் வேண்டும். வலை கடைசிக் காவல். மேடையின் பிடிப்பே முதற் காவல்.

இப்பாடம் பெரும் பாலங்களுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு மாடி வீடு கட்டுமிடத்துக்கும் அது பொருந்தும். சாரக் கம்பங்கள் உறுதியான தரையில் ஊன்றப்பட்டனவா, கட்டுக்கள் தளர்ந்தனவா என்று நாள்தோறும் பார்த்தல் வேண்டும். மழைக்குப்பின் மறுபடியும் பார்த்தல் வேண்டும். ஆழமான அத்திவாரக் கிடங்கின் பக்கங்களுக்குப் பலகை வைத்து முட்டுக்கொடுத்தல் வேண்டும். அகழ்ந்த மண்ணை விளிம்பிற் குவித்தலாகாது. மின்கம்பிகளின் அருகே இரும்புக் கம்பிகளைத் தூக்கலாகாது. கல்லை அறுக்கையில் நீர் விட்டுத் தூசியை அடக்காவிடின் அது சுவாசப்பையைக் கெடுக்கும். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். வெயிலில் உழைப்போருக்குக் குடிநீரும் நிழலும் சலுகைகளல்ல, அவையும் பாதுகாப்பே.

இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்குப் பின் குடும்பத்துக்கு ஈடு கிடைக்க வழிசெய்தது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விபத்துக்கு முன் செய்யவேண்டியவற்றை வகுத்தது. முன்னது கண்ணீரைத் துடைக்க முயலும்; பின்னது கண்ணீரே வராது காக்க முயலும். ஆனாற் சட்டப் புத்தகம் சாரத்தின்மேல் ஏறிப் பார்க்காது. அங்கு நிற்பவன் தொழிலாளி ஒருவனே. “இக்கட்டு உறுதியாக இல்லை” என்று அவன் சொல்லும்போது, கூலியை வெட்டாமல், ஏளனஞ் செய்யாமல், வேலையை நிறுத்தி அதனைப் பார்க்கும் மேற்பார்வையாளர் எங்கு இருக்கிறாரோ அங்கேதான் பாதுகாப்பு ஆரம்பமாகிறது.