வளைத்து வளைத்து ஒரு கோட்டை

ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். ஹிமெஜி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே, நேராக ஓடும் அகலச் சாலையின் கோடியில் வெள்ளை வெளேரென்று கோட்டை தெரிகிறது. இருபது நிமிடம் நடந்தால் அகழி. வழி இவ்வளவு சுலபமா என்று நினைக்கும்போதுதான் விளையாட்டு ஆரம்பிக்கிறது.

வாசல்களுக்கு இ, ரோ, ஹா, நி என்று ஜப்பானியரின் பழைய அகரவரிசையில் பெயர். ஒன்றைத் தாண்டினால் வழி வளைகிறது, இன்னொன்றைத் தாண்டினால் குறுகுகிறது. ஓரிடத்தில் கோபுரத்துக்கே முதுகைக் காட்டி நடக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சுவரில் துளைகள்: நீள்சதுரம் அம்புக்கு, வட்டமும் முக்கோணமும் சதுரமும் துப்பாக்கிக்கு. கோபுரமும் ஏமாற்றுகிறது. வெளியே நின்று எண்ணினால் ஐந்து அடுக்கு; உள்ளே ஆறு தளம், அடியில் ஒரு நிலவறை.

இகெதா தெருமாசா 1609இல் கட்டி முடித்த இந்தக் கோபுரத்தில் பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. ஆபத்து வந்தது வானத்திலிருந்து. 1945 ஜூலையில் ஊரே எரிந்தது. கோபுரத்தின் மேல் விழுந்த குண்டு மட்டும் வெடிக்கவில்லை.

வெள்ளைக் கொக்கு என்பது கோட்டையின் செல்லப் பெயர். ஜப்பானிய மொழியில் ஷிராசகி. சுவருக்கு மட்டுமல்ல, கூரை ஓடுகளின் இடுக்குக்கும் சுண்ணச் சாந்து பூசுவதால் வந்த வெண்மை அது. 2015இல் பழுதுபார்த்துத் திறந்தபோது கண் கூசியதாம். 'ஷிரோசுகி', அதாவது ரொம்ப வெள்ளை, என்று கேலி பேசினார்கள். இப்போது பூஞ்சை படிந்து நிறம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எனக்கென்னவோ இதுதான் அழகு.

உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். படிகள் ஏறக்குறைய ஏணிதான். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். கட்டில், நாற்காலி எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆயுதம் மாட்டிய மரச்சட்டங்கள்தான் மிச்சம். உச்சியில் ஒரு சிறு கோயில், ஜன்னலுக்கு வெளியே நாம் நடந்து வந்த சாலை.

அகழிக்கு மேற்கே கோகோ-என். சாமுராய்களின் வீடுகள் இருந்த மனையில் 1992இல் அமைத்த ஒன்பது தோட்டங்கள். வயது குறைவென்று பலரும் பார்க்காமல் போய்விடுகிறார்கள், தவறு. பகைவனைக் களைப்பாக்க மேலே வைத்த அதே வளைவு, இங்கே விருந்தாளியைத் தாமதப்படுத்துகிறது. மண்சுவரின் மூலையில் திரும்பும்முன் அருவியின் சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பினால் குளம், செம்மையும் வெண்மையுமாகக் கொய் மீன்கள். தேநீர்க் குடிலில் பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் கிடைக்கும். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினால் மலிவு.