களிம்பைத் தேய்க்காதீர்கள்!

பழைய ஏதென்ஸ் நகரத்தில் சந்தைக்குப் போகிறவர்கள் சில்லறையை வாய்க்குள் அடக்கிக்கொண்டுதான் போவார்கள். அவர்கள் உடையில் பை கிடையாது. காசோ மிகச் சின்னது. 'ஓபல்' என்ற வெள்ளிக் காசின் எடை சுமார் 0.7 கிராம். அதில் கால் பங்கு மதிப்புள்ள காசு 0.2 கிராம்கூடத் தேறாது. கீழே விழுந்தால் விழுந்ததுதான்!

கி.மு. 422இல் மேடையேறிய 'குளவிகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் இதை வைத்தே ஒரு வேடிக்கை காட்டுகிறார். ஒரு கிழவரிடம் காசு என்று சொல்லி மீன் செதிலைக் கொடுத்துவிடுகிறான் ஒருவன். அவரும் நம்பி வாயில் போட்டுக்கொள்கிறார். நாற்றம் அடித்த பிறகுதான் துப்புகிறார்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது வெண்கலம். செம்போடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து உருக்கினால் வெண்கலம். வெள்ளியைவிட எவ்வளவோ மலிவு என்பதால், குறைந்த மதிப்புள்ள காசைக்கூடக் கைக்கு அடக்கமாகச் செய்யலாம். சிசிலித் தீவிலும் தெற்கு இத்தாலியிலும் இருந்த கிரேக்க நகரங்கள்தாம் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதில் முந்திக்கொண்டன. கருங்கடலின் வடகரையில் இருந்த ஓல்பியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், டால்ஃபின் வடிவத்திலேயே வெண்கலக் காசு வார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த காசுகள் அவை.

ஆனால் பழைய கிரேக்கக் காசு சேர்க்கத் தொடங்குகிறவர் கைக்கு எளிதில் வருவது வேறொன்று. சிசிலியின் சிரக்யூஸ் நகரத்தை கி.மு. 215 வரை ஆண்ட இரண்டாம் ஹியரோன் வெளியிட்ட காசு அது. சுமார் 2 செ.மீ. அகலம். ஒரு பக்கம் கடல் தெய்வம் பொசைடனின் தலை. மறுபக்கம் திரிசூலம், அதன் இரு புறமும் ஒவ்வொரு டால்ஃபின், மன்னன் பெயர். ஆர்க்கிமிடிஸ் வாழ்ந்த ஊர், அவர் வாழ்ந்த காலம். அவரும் இப்படிக் காசு கொடுத்துத்தான் கடையில் சாமான் வாங்கியிருப்பார்!

லென்ஸ் வைத்து அதைப் பாருங்கள். பொசைடனின் தாடி பல காசுகளில் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். எந்திரம் இல்லாத காலம். ஓர் அச்சைப் பட்டடையில் பதித்து, வெண்கல வில்லையை அதன்மேல் வைத்து, இன்னோர் அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். வில்லை கொஞ்சம் நகர்ந்திருந்தால் படமும் நகர்ந்துவிடும். அதனால் ஒரு காசு போல இன்னொரு காசு இருப்பதில்லை.

அடுத்து நிறம். அடித்தபோது பொன்னைப் போல மின்னிய காசு இன்று கரும்பச்சையாக இருக்கிறது. நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் ஏறுகிற அதே களிம்புதான். முதலில் செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்து செம்பழுப்பான ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிறது. மண்ணில் இருக்கிற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் நூற்றாண்டுக் கணக்கில் வேலை செய்ய, அதன்மேல் பச்சைக் கார்பனேட் படிகிறது. மலாக்கைட் என்ற கனிமமும் இதே பொருள்தான்.

இந்தப் படலம் கெட்டியாக, வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் போல நல்ல காவல் கிடையாது. காற்றும் நீரும் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். அதோடு, காசின் மேற்பரப்பே மெல்ல மெல்லக் களிம்பாக மாறியிருப்பதால், எழுத்தும் முகமும் இப்போது இருப்பது அந்தப் பச்சைக்குள்தான்! பாட்டி பாத்திரம் விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். கூடவே பொசைடனின் மூக்கும் போகும். 2,200 ஆண்டு தாக்குப்பிடித்த முகம் ஐந்து நிமிடத்தில் அழிவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

எல்லாப் பச்சையும் நல்ல பச்சையா? இல்லை. வெளிர்பச்சையாக, மாவு மாதிரி, குண்டூசியால் தொட்டால் உதிர்கிறதா? அது 'வெண்கல நோய்'. கிருமி எதுவும் இல்லை, எல்லாம் குளோரைடின் வேலை. கடலிலோ உப்பு மண்ணிலோ கிடந்த காசுக்குள் குளோரைடு புகுந்து செம்போடு சேர்ந்து பதுங்கியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டியதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறும். அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடைத் தரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து காசில் குழி விழும்.

மருந்து எளியது, பொறுமைதான் வேண்டும். பொடியை மட்டும் ஊசி முனையால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுவார்கள். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைப்பார்கள். மெத்தென்ற பி.வி.சி. உறையில் மட்டும் வைக்கக் கூடாது. நாளானால் அந்த பிளாஸ்டிக்கே அமிலம் கக்கும்.

களிம்பைப் போலவே காசு கிடந்த இடமும் முக்கியம். நம் கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிரேக்கக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கரூரில் கிடைத்த, ரோமானியர் அல்லாத பிற வெளிநாட்டவரின் காசுகளைப் பற்றி நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டார். கிடைத்த ஊர் தெரிந்ததால்தான் அவை கடல்வழி வாணிபத்துக்குச் சாட்சி சொல்கின்றன. ஊர் தெரியாமல் போயிருந்தால் வெறும் பழைய காசுகள். ஆகவே மண்ணில் எதையாவது பார்த்தால் தோண்டி எடுக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

களிம்பு ஏறுவதைக் கண்ணால் பார்க்க ஆசையா? பழைய காசு வேண்டாம். பளபளப்பான இரண்டு செம்புக் கம்பித் துண்டுகள் போதும். ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றதை உப்புத் தண்ணீரிலும் நனைத்துத் தனித்தனித் தட்டில் வையுங்கள். தினமும் ஒருமுறை அதே மாதிரி நனையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம். எதில் முதலில் பச்சை ஏறுகிறது, எத்தனையாவது நாளில் ஏறுகிறது என்று தேதி போட்டு எழுதி வாருங்கள்.