பொது ஆவணத்துடன் அதன் வரலாறும் வந்துசேர வேண்டும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களை அழித்துச் சென்றதை அடுத்து, இந்நாட்டின் கணினித்துறையினர் பலர் தன்னார்வத்துடன் ஒன்றுகூடி ஒரு மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் யாவர், முகாம்களில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே பணியாற்றுகிறது, எங்கே எது தேவை என்பவற்றை ஒரே இடத்தில் பதிவதே அதன் நோக்கமாகும். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்பதே அதன் பெயராயிற்று. 2005இல் பாகிஸ்தானிலும் 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் ஏற்பட்ட பூமியதிர்ச்சிகளின்போது அது பயன்பட்டது. எவரும் எடுத்தாளவும் திருத்தவும் கூடியதாக அது வெளியிடப்பட்டமையே இதற்கு வழிவகுத்தது.

எனினும் இத்தகைய முயற்சிகளில் மென்பொருள் பாதி வேலை மட்டுமே. அதனைக் கையாள்வோருக்கான வழிகாட்டி மற்றைய பாதியாகும். அவ்வழிகாட்டியைப் பலர் சேர்ந்து எழுதுவர், பல மொழிகளில் பெயர்ப்பர், அடிக்கடி திருத்துவர். மின்னஞ்சலில் கைமாறும் பிரதிகளில் எது இறுதியானது என்பதை எவரும் அறியார். ஆங்கிலத்தில் திருத்தப்பட்ட ஒரு பந்தி தமிழில் பழையபடியே இருக்குமாயின், தமிழ் வழிகாட்டியை நம்பி முகாமில் பணியாற்றுபவர் தவறான வழியையே பின்பற்றுவார். தவறு தம்முடையதல்ல என்பதும் அவருக்குத் தெரியவராது. மும்மொழிகளில் ஆவணங்கள் வெளிவரும் இந்நாட்டில் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அன்று.

இதற்கான தீர்வாகவே 'சோர்ஸ் கொன்ட்ரோல்' எனப்படும் முறைமை அமைகின்றது. ஆவணத் தொகுதி முழுவதும் ஒரு பொது வழங்கியில் வைக்கப்படும். எந்த வரியை, யார், எப்போது, எக்காரணத்துக்காக மாற்றினார் என்பது அங்கு பதிவாகும். 2000ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட சப்வேர்ஷன், லினக்ஸின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் ஆகியன இவ்வகைக் கருவிகளில் முக்கியமானவை. நிரல்களுக்காகவே இவை எழுந்தன. ஆயினும் ஆவணங்களுக்கும் அதேயளவு பொருந்துவன.

பிஎச்பி என்னும் நிரல்மொழியின் கையேடு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். அதன் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒவ்வொன்றிலும், ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்து அது பெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு இடப்படுகின்றது. மூலம் பின்னர் மாறியிருப்பின், எந்த மொழிபெயர்ப்பு பின்தங்கியுள்ளது, எந்த வரிகளைத் திருத்த வேண்டும் என்பவற்றை உடனே கண்டறியலாம். வரலாறு இல்லாவிடில் இது இயலாத காரியம்.

எனவே, பொது வழங்கியிலுள்ள ஆவணத் தொகுதியை எமது கணினிக்குக் கொண்டுவரும்போது முதலில் கவனிக்க வேண்டியது இவ்வரலாறு எமக்குக் கிட்டுகின்றதா என்பதையே. பலர் செய்யும் தவறு, இணையத்தில் முழுத் தொகுதியையும் ஒரு சிப் கோப்பாக இறக்கிக்கொள்வதாகும். அதில் இன்றைய எழுத்துகள் மட்டுமே இருக்கும். நேற்றைய மாற்றங்கள் இரா. வழங்கியுடனான தொடர்பும் அறுந்துவிடும். அதற்குரிய கருவியின் மூலம், வழங்கியின் முகவரியையும் உரிய அனுமதியையும் கொடுத்து, வெறுமையான ஒரு கோப்புறைக்குள் தொகுதியைக் கொண்டுவருவதே முறையாகும். சப்வேர்ஷனில் வேலைக்கான பிரதி மட்டும் எம்மிடம் வரும். வரலாறு வழங்கியிலேயே தங்கும். கிட் முறையில் வழமையாக வரலாறு முழுவதும் சேர்ந்தே வரும்.

பழைய வழங்கியிலிருந்து புதியதொன்றுக்கு மாறும்போது மேலும் கவனம் வேண்டும். கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதிய இடத்தில் இட்டால், பத்தாண்டு காலம் பலர் உழைத்து எழுதிய அனைத்தையும் ஒருவரே ஒரே நாளில் எழுதியதாகப் பதிவாகும். வரலாற்றையும் சேர்த்து மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. அவற்றையே நாட வேண்டும்.

தமிழ் ஆவணங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் கணினிக்குள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. மாற்றங்களை ஒப்பிட்டுக் காட்டும் கருவியில் அவை பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தென்படும். அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே பொதுத் தொகுதியில் சேர்ப்பது நன்று. அவ்வாறே, வேர்ட் கோப்புகளைவிடச் சாதாரண எழுத்துக் கோப்புகள் வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு ஏற்றவை.

பிரதி கைக்கு வந்தபின் ஒழுங்கு அவசியம். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் வழங்கியிலுள்ள புதிய மாற்றங்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும். செய்த திருத்தத்தைக் காரணத்துடன் உடனுக்குடன் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே வரியை இருவர் மாற்றியிருப்பின் கருவி அதனை அறிவிக்கும். எது சரியென இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைக் கணினி செய்து தராது.

வழங்கிகளும் நிரந்தரமானவை அல்ல. பல்லாயிரம் திட்டங்களுக்கு இடமளித்த கூகுள் கோட் சேவை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பிட்பக்கெட் நிறுவனம் மெர்க்கூரியல் முறையில் அமைந்த தொகுதிகளுக்கான ஆதரவை 2020இல் நிறுத்தியது. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் நிறுவனத்தின் தரவுத்தளம் ஊழியர் ஒருவரின் தவறால் அழிந்தபோது, ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றேனும் நம்பகமாக இயங்கவில்லை என்பது தெரியவந்தது. சுமார் ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே கைகொடுத்தது. பெரிய நிறுவனங்களின் நிலையே இதுவாயின், ஒரே ஒருவரின் கடவுச்சொல்லில் தங்கியிருக்கும் எமது சிறிய அமைப்புகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பொதுவான ஆவணங்களைத் தயாரிக்கும் எமது அமைப்புகள் குறைந்தது இருவரிடமேனும் நிர்வாகப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். வரலாற்றுடன் கூடிய முழுப் பிரதியை வேறோர் இடத்திலும் காலத்துக்குக் காலம் எடுத்துவைக்க வேண்டும். அதனைத் திறந்தும் பார்க்க வேண்டும். அடுத்த அனர்த்தம் முன்னறிவித்தல் கொடுத்து வரப்போவதில்லை. அந்நாளில் எமது மக்களின் கையிலிருக்கும் தமிழ் வழிகாட்டி சரியானதா என்பதை, இன்று நாம் காத்துவைக்கும் இவ்வரலாறே சொல்லும்.